தலையிழந்த கம்பனும் வலை கிழிக்கும் பாறையும்: குறுக்கெழுத்துக் குறிப்புகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"தலையிழந்த கம்பனுக்கு முன்னே கவிதை நிற்கும் தீவு (4)."

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கீழக்கரைக் கடற்கரையில் கூடும் எங்கள் சிறு வட்டத்தில் இந்தக் குறிப்பு முதன்முதலாக வாசிக்கப்பட்டபோது, ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் கம்பரின் இறுதி நாட்களைப் பற்றி வழங்கும் செவிவழிக் கதைகளை ஒவ்வொன்றாக நினைவுகூரத் தொடங்கினார். கால் மணி நேரம் கதை வளர்ந்தது, விடை வரவில்லை. பிறகு, பாம்பனில் மீன் வாங்கி விற்கும் இளைஞர் ஒருவர், "சார், கம்பரை விட்டுடுங்க, எழுத்தை மட்டும் பாருங்க" என்றார். 'கம்பன்' என்ற சொல்லின் தலை 'க'. அதை நீக்கினால் 'ம்பன்'. கவிதைக்கு இன்னொரு சொல் 'பா'. பாவை முன்னே நிறுத்தினால் பாம்பன். குறிப்பின் கடைசிச் சொல்லான 'தீவு' விடையின் பொருள். அடைப்புக்குள் இருக்கும் 4, விடையின் எழுத்துகளின் எண்ணிக்கை.

கிரிப்டிக் என்று சொல்லப்படும் மறைபொருள் குறுக்கெழுத்தில் நுழைபவர் செய்யும் முதல் தவறும் பெரிய தவறும், குறிப்பு சொல்லும் கதையை நம்பிவிடுவதுதான். குறிப்பு என்பது வாக்கியத்தின் உடையை அணிந்துகொண்ட கட்டளை. அதில் ஒரு முனையில் விடையின் நேர்ப்பொருள் இருக்கும். எஞ்சிய பகுதி, பெரும்பாலும், அதே விடையை எழுத்துகளிலிருந்து கட்டி எழுப்பும் வழியைச் சொல்லும். இரண்டையும் ஒட்டவைத்து, வேறெதையோ பேசுவதுபோல் தோன்றச் செய்வது புதிர் அமைப்பவரின் கைத்திறன். "கல்லிடையே சிக்கியது படகின் நடு, அலை ஓயாத இடம் (3)" என்ற குறிப்பைப் படித்தவுடன் நம் கரையில் வாழும் எவருக்கும் ஒரு விபத்துக் காட்சிதான் கண்முன் வரும். ஆனால் சிக்கியது 'படகு' என்ற சொல்லின் நடு எழுத்தாகிய 'ட'. அது சிக்கியிருப்பது 'கல்' என்ற சொல்லுக்குள். விடை 'கடல்'. மனக்கண்ணில் தோன்றும் காட்சியை அழித்துவிட்டுச் சொற்களை உதிரியாகப் பார்க்கப் பழகாதவரை இந்த விளையாட்டு வசப்படாது.

இந்த வகை பிறந்த இடம் இங்கிலாந்து. 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்ட முதல் குறுக்கெழுத்தில் நேரடிப் பொருள் கேட்கும் குறிப்புகளே இருந்தன. எழுத்தை உடைத்தும் ஒளித்தும் கேட்கும் முறை 1920களில் இங்கிலாந்து இதழ்களில் வேரூன்றியது. நம்மில் பலருக்கு அது இந்து நாளிதழின் ஆங்கிலக் குறுக்கெழுத்து வழியாக அறிமுகமாயிற்று. அதனாலேயே, ஆங்கிலத்தின் விதிகளை அப்படியே தமிழ்க் கட்டங்களுக்குள் கொண்டுவந்துவிடும் இரண்டாவது தவறும் நம்மிடம் உண்டு. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

தமிழ்க் கட்டம் ஒன்றில் ஓர் எழுத்து அமரும். அந்த எழுத்து உயிராகவோ மெய்யாகவோ உயிர்மெய்யாகவோ இருக்கலாம். 'மண்டபம்' என்றால் ஐந்து கட்டங்கள். புள்ளி வைத்த 'ண்', 'ம்' இரண்டுக்கும் தனித்தனி இடம் உண்டு. உச்சரிக்கும்போது மூன்று அசைகளாகத்தான் கேட்கிறது என்று சொல்லிப் புதியவர்கள் எண்ணிக்கையில் தடுமாறுகிறார்கள். ஆங்கிலம் பழகியவர்கள் வேறுவிதமாகத் தடுமாறுகிறார்கள்: கம்பனின் தலையை வெட்டச் சொன்னால் 'க்' மட்டும் போய் 'அ' எஞ்சும் என்று கொண்டு 'அம்பன்' என்று எழுதிப் பார்க்கிறார்கள். உயிர்மெய்யைப் பிளப்பது தவறென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பிளக்கச் சொல்லும் குறிப்பு அதைத் தனியாகத் தெரிவித்தாக வேண்டும். அப்படித் தெரிவிக்காதபோது எழுத்து என்பது கட்டத்தில் அமரும் முழு எழுத்துதான்.

சொல்லைத் திருப்பிப் போடும் குறிப்புகளிலும் இதே கவனம் தேவை. "சிவா திரும்பி வந்தான், படி (2)" என்பதற்கு விடை 'வாசி'. இங்கே 'படி' என்பது மாடிப்படியோ அளவைப்படியோ அல்ல, ஏவல் வினை. திருப்புதல் தமிழில் எல்லாச் சொல்லுக்கும் ஒத்துவராது. தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது. ஆகவே மெய்யில் முடியும் சொல்லைத் திருப்பினால் வருவது தனிச் சொல்லாக நிற்க முடியாது. திருஞானசம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகத்தின் முதல் பாட்டு, எந்த முனையிலிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும். அதில் புள்ளி வைத்த எழுத்து ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனித்தால் இந்த இலக்கணம் எவ்வளவு பழையது என்பது புரியும். 'கடல்' திரும்பினால் என்ன வரும் என்று ஒரு மாலை முழுவதும் யோசிப்பது வீண். மெய்யில் முடியும் சொல்லைக் கண்டால், திருப்பும் எண்ணத்தை விட்டுவிட்டு வேறு வழியைத் தேடுவதே முறை.

அடுத்தது புணர்ச்சி. தமிழ்க் குறிப்புகளின் அழகும் சண்டையும் இங்கேதான் அதிகம். "பாசங்குறைந்தோரிடம் ஒளிந்திருக்கும், ஊதினால் முழங்கும் (3)" என்ற குறிப்பை எங்கள் வட்டத்தில் ஒரு பெண்மணி எழுதி வந்தார். சங்கு குளித்தலுக்குப் பெயர்பெற்ற இந்தக் கரையில் விடையைச் சொல்ல நெடுநேரம் ஆகவில்லை: பா'சங்கு'றைந்தோர். ஆனால் ஒருவர் மறுத்தார். இன்றைய உரைநடையில் 'பாசம் குறைந்தோர்' என்று பிரித்துத்தானே எழுதுகிறோம், புதிருக்காகச் சேர்த்து எழுதுவது ஏமாற்றல்லவா என்று கேட்டார். என் தீர்ப்பு அந்தப் பெண்மணியின் பக்கம். மகரம் ககரத்துக்கு முன் ஙகரமாவது இலக்கணம் அனுமதிக்கும் எழுத்துமுறை. அவர் எழுத்தைப் பொய்யாகத் திரிக்கவில்லை. மாறாக, பிரித்து 'பாசம் குறைந்தோர்' என்று அச்சிட்டுவிட்டு, விடையைத் தேடுபவர் மனத்துக்குள் சேர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தால், 'ங்' என்ற எழுத்து தாளில் எங்குமே இருந்திருக்காது. அது நேர்மையற்ற குறிப்பாகியிருக்கும்.

கட்டிச் சேர்க்கும் குறிப்புகளில் நிலைமை நேர்மாறானது. "செல்வத்தைத் தொடரும் கரம், வாலில் முள்ளுடையது (4)" என்பதில் 'திரு'வும் 'கை'யும் சேர்ந்து 'திருக்கை' மீன் ஆகின்றன. நடுவில் வரும் 'க்' எங்கிருந்து வந்தது என்று குறிப்பு சொல்லவில்லை. ஆயினும் இரண்டு சொற்கள் புணரும்போது இயல்பாகத் தோன்றும் ஒற்றெழுத்தை ஏற்றுக்கொள்ளலாம் என்பது என் நிலை. ஏனெனில் அதைத் தமிழின் வாய் தானாகவே இட்டு நிரப்பிக்கொள்கிறது. இதை ஒப்பாதவர்கள் எங்கள் வட்டத்திலேயே இருக்கிறார்கள், அவர்கள் வாதத்திலும் நியாயம் உண்டு. தவறு எதுவென்றால், ஒரே புதிரில் ஓரிடத்தில் ஒற்றெழுத்தைக் கணக்கில் எடுத்து, இன்னோரிடத்தில் எடுக்காமல் விடுவது.

பொருள் பகுதி குறிப்பின் நடுவில் இருக்கும் என்று தேடுவதும் வழக்கமான தவறு. அது தொடக்கத்திலோ முடிவிலோதான் இருக்கும். "கலப்பை சோர்ந்து கிடக்கும் ஊர் (4)" என்பதில் 'ஊர்' என்பதே பொருள். ஏரும் வாடியும் சேர்ந்து ஏர்வாடி. அப்பொருள் விடையோடு இலக்கணத்திலும் ஒத்திருக்க வேண்டும். விடை பெயர்ச்சொல்லாக இருக்கும்போது 'ஊரில்' என்று வேற்றுமை உருபோடு முடித்துவிட்டு, 'இல்' சும்மா வந்தது என்று சொல்வது அமைப்பவர்கள் திருத்திக்கொள்ள வேண்டிய பழக்கம்.

ஆங்கிலத்தில் ஊர்ப்பெயரை மறைக்க அமைப்பவர் பெரிய எழுத்து, சிறிய எழுத்துச் சிக்கலோடு போராட வேண்டும். தமிழில் அந்த வேலி இல்லை. "மண்ணை அடுத்துச் சிதைந்த படம், தூண்கள் தாங்குவது (5)" என்று கேட்டால் மண்டபம் கட்டடமாகிறது; 'பாலத்துக்கு முன் ரயில் நிற்குமிடம்' என்று முடித்தால் அதே விடை ஊராகிறது. 'சிதைந்த' என்ற சொல் 'படம்' என்பதன் எழுத்துகளைக் கலைக்கச் சொல்கிறது: 'டபம்'. இந்தச் சுதந்திரம் இருப்பதால், சொந்த ஊரின் மேல் உள்ள பற்றே சில சமயம் கண்ணை மறைத்துவிடும். "கண்ணின் கடைசி வளையலுக்குள் அகப்பட்ட சேரர் துறைமுகம் (3)" என்ற குறிப்புக்குத் தொண்டியிலிருந்து வரும் நண்பர் கடுமையாக வருந்தினார். வளையலாகிய 'தொடி'க்குள் 'ண்' அகப்பட்டால் தொண்டி என்பது அவருக்கு உடனே தெரிந்துவிட்டது; ஆனால் எங்கள் தொண்டி பாண்டிய நாட்டுக் கரையல்லவா, அதைச் சேரருக்கு எழுதிக் கொடுக்கலாமா என்றார். சங்கப் பாடல்கள் போற்றும் சேரர் தொண்டி மேற்குக் கரையில் இருந்தது. பெயர் ஒன்று, ஊர் இரண்டு. கட்டம் கேட்பது சொல்லைத்தானே தவிர, எந்தக் கரை என்பதை அல்ல. 'கிழக்குக் கரையில் சேரர் துறைமுகம்' என்று எழுதியிருந்தால் மட்டுமே அவருடைய கோபம் சரியாக இருந்திருக்கும்.

பழைய புதிர்களைத் தீர்க்கும்போது, பொருள் எழுதப்பட்ட காலத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். பாம்பன் ரயில் பாலம் இரண்டு கைகளாகப் பிரிந்து உயர்ந்து கப்பலுக்கு வழிவிடும் என்பது 1914 இல் திறக்கப்பட்ட பாலத்துக்குப் பொருந்தும். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழுகிறது.

வட்டாரச் சொல்லைப் பயன்படுத்துவதே தவறு என்று கருதுவோர் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. "இக்கரையில் காற்று, அக்கரையில் கடலை (4)" என்ற குறிப்பு எனக்கு மிகவும் பிடித்தவற்றுள் ஒன்று. மேற்கிலிருந்து வீசும் காற்றை நம் மீனவர்கள் கச்சான் என்பார்கள். இலங்கைத் தமிழில் கச்சான் என்றால் நிலக்கடலை. கோயம்புத்தூரில் இருப்பவர் இதை எப்படிக் கண்டுபிடிப்பார் என்ற கேள்வி நியாயமானதே. அதற்கு மறுமொழி, சொல்லை விலக்குவது அல்ல. அந்த விடையைக் குறுக்கே வெட்டும் சொற்களை எளிமையாக அமைத்து, நான்கில் இரண்டு எழுத்துகளாவது உறுதியாகக் கிடைக்கும்படி செய்வது அமைப்பவரின் கடமை. அறிமுகமற்ற சொல்லையும் கடினமான கட்டுமானத்தையும் ஒரே குறிப்பில் சேர்ப்பதுதான் குற்றம்.

இனி, புதிரையும் புதிர் அமைப்பவரையும் பற்றி விவாதிக்கும்போது நேரும் தவறுகள். குறுக்கே வந்த எழுத்துகளை வைத்து விடையை ஊகித்துக் கட்டத்தை நிரப்பிவிட்டு, அது ஏன் விடையாகிறது என்று பார்க்காமலே 'சுமாரான குறிப்பு' என்று சொல்பவர்கள் மிகுதி. ஒவ்வொரு சொல்லும் என்ன வேலை செய்கிறது என்று காட்ட முடிந்தவருக்கே குறை சொல்லும் உரிமை உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதேபோல, தனக்குக் கடினமாக இருந்ததும், குறிப்பு தவறாக இருந்ததும் ஒன்றல்ல. அஃப்ரிட் என்ற புனைபெயரில் ஆங்கிலப் புதிர்கள் எழுதிய ரிட்சி 1949 இல் வகுத்த அளவுகோல் இங்கே உதவும்: சொன்னதையே அமைப்பவர் கருதியிருக்க வேண்டியதில்லை, ஆனால் கருதியதைச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த அளவுகோலை இறுக்கிப் பிடித்தவர் சிமெனெஸ் என்ற புனைபெயர் கொண்ட மக்நட். அவருடைய 1966 ஆம் ஆண்டு நூல் இன்றும் கண்டிப்பானவர்களின் இலக்கணம். மறுபுறம், கார்டியன் நாளிதழில் அரவுகாரியா என்ற பெயரில் எழுதிய ஜான் கிரகாம் என்ற பாதிரியார், விதிகளைத் தளர்த்தியே வாசகரின் அன்பைப் பெற்றார். அவருக்குப் புற்றுநோய் வந்திருப்பதை 2013 ஜனவரியில் வாசகர்கள் அறிந்ததும் அவருடைய புதிர் ஒன்றின் விடைகள் வழியாகத்தான். இந்த இரு மரபில் ஒன்றைச் சார்ந்து நின்று மற்றதை மோசடி என்பது, இரண்டின் இன்பத்தையும் இழப்பதாகும். எந்த மரபில் எழுதுகிறார் என்று அறிந்தபின் அந்த மரபின் நேர்மையைக் கொண்டு அளக்க வேண்டும்.

மாற்று விடை வந்தால் என்ன செய்வது? சென்ற மாதம் நான் எழுதிச் சென்ற குறிப்பு இது: "வலையில் சிக்கும், வலையைக் கிழிக்கும் (2)." நான் கருதியது 'பாறை', மீனும் அதுவே, கல்லும் அதுவே. பாம்பன் இளைஞர் 'சுறா' என்று எழுதினார். சுறா வலையில் சிக்கும், கிழிக்கவும் செய்யும், இரண்டு எழுத்தும் கூட. இரட்டைப் பொருள் குறிப்பில் இரு பகுதிகளும் இரு வேறு பொருள்களைத் தர வேண்டும் என்று நான் விதியைக் காட்டினேன். ஆனால் வட்டத்தில் மூத்தவரான, தம் இளமையில் கடலுக்குப் போன காக்கா (எங்கள் ஊர் வழக்கில் அண்ணன்) ஒருவர், "தம்பி, அவன் சொன்னதும் உன் குறிப்புல இருக்குல்ல, அப்ப நீதான் மாத்தணும்" என்றார். அவர் சொன்னது சரி. ஒரே குறிப்பை நேர்மையாகப் படித்து இரண்டு விடைக்கு வர முடியுமானால், அதைத் திருத்த வேண்டியவர் அமைப்பவர்தான். அன்றிரவே மாற்றி எழுதினேன்: "வலையில் சிக்கும், கப்பலை உடைக்கும் (2)."