முன் இண்டிகேட்டர் வயரிங்: வீட்ல பண்றவங்க திரும்பத் திரும்ப பண்ற தப்புங்க

பைக்குக்கு எல்இடி இண்டிகேட்டர் ஒரு செட் வாங்கிட்டு வந்து ஞாயித்துக்கிழமை வாசல்லயே மாட்டிடலாம்னு வண்டியப் பிரிக்கிற பசங்க எங்க ஏரியாவுலயே நெறைய பேர் இருக்காங்க, அதுல பாதி பேர் திங்கக்கிழமை வண்டியத் தள்ளிக்கிட்டு என்கிட்டதான் வர்றாங்க. பண்ற தப்பெல்லாம் நான் ஆரம்பத்துல பண்ணதேதான், ஒண்ணுகூட புதுசு இல்ல. பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு வேலைய ஆரம்பி, ஸ்க்ரூவத் தொலைக்காத, இதெல்லாம் எல்லாரும் சொல்லிட்டாங்க, அதை விட்டுடறேன்.

கருப்பு வயர்னா எர்த்துன்னு நம்புறது

புது எல்இடில சிவப்பு ஒண்ணு கருப்பு ஒண்ணு வரும், கருப்பை வண்டில இருக்கிற கருப்போட சேத்துடுவாங்க. யமஹால அது சரி, அங்க கருப்புதான் எர்த்து, அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பிப் போற வயர். ஹோண்டால கருப்புங்கறது சாவி போட்டதும் 12 வோல்ட் வர்ற வயர், எர்த்து பச்சை. ஹோண்டாவோட சேந்து வளந்த கம்பெனிங்கறதால ஹீரோ வண்டிலயும் பெரும்பாலும் அதே கலர்தான். சரி, பச்சைன்னா எர்த்துன்னு வெச்சுக்கலாமான்னா அதுவும் முடியாது, யமஹால கரும்பச்சைதான் வலது பக்க இண்டிகேட்டருக்குக் கரண்ட் கொண்டு வர்ற லைவ். பஜாஜ்ல எர்த்து, கருப்புல மஞ்சக் கோடு போட்டது. அதனால கலரைப் பாத்து முடிவு பண்ணாதீங்க. டெஸ்ட் லாம்ப், அதான் கரண்ட் வருதான்னு பாக்குற சின்ன பல்பு, அதோட கிளிப்பை பேட்டரி நெகட்டிவ்ல மாட்டி, சாவி போட்டு, சுவிட்சை ஒரு பக்கம் தள்ளி, எந்த வயர்ல விட்டு விட்டு எரியுதோ அதுதான் அந்தப் பக்கத்து லைவ். பழைய பல்பு மாட்டியிருக்கும்போதே இதைப் பாத்து பேப்பர்ல குறிச்சு வெச்சுக்கங்க.

ஃபியூஸ் போனா பெரிய ஃபியூஸ் போடறது

இதைத்தான் இன்னிக்கும் என்னால பொறுத்துக்க முடியல.

பக்கத்துத் தெருவுல ஒரு தம்பி, கருப்பு லைவா இருக்கிற வண்டி. மேல சொன்ன மாதிரி எல்இடியோட கருப்பை வண்டியோட கருப்புல சேத்துட்டான், லைட் எரியல. எர்த்து வீக்கா இருக்கும்போலன்னு நெனச்சு அதே ஜாயிண்ட்ல இருந்து இன்னொரு வயர் இழுத்து ஹேண்டில் கிளாம்ப் போல்ட்ல முறுக்கிட்டான். சாவி போட்டதும் 10 ஆம்பியர் சிவப்பு ஃபியூஸ் போச்சு. இன்னொண்ணு போட்டான், அதுவும் போச்சு. யாரோ 20 போடு தாங்கும்னு சொல்லிருக்காங்க, மஞ்சள் ஃபியூஸ் போட்டான், அதுவும் போச்சு, கடைசில சிகரெட் பாக்கெட் சில்வர் பேப்பரை மடிச்சு சொருகிட்டான். கொஞ்ச நேரத்துல டேங்குக்கு அடில இருந்து புகை.

வண்டி வந்ததும் டேங்கைத் தூக்கிப் பாத்தேன். போல்ட்ல முறுக்குன இடம் அப்படியே புதுசு மாதிரி இருக்கு, ஒண்ணும் ஆகல. ஆனா கருப்பு வயர் உள்ள போற வழி முழுக்க மேல்தோல் உருகி செம்புக் கம்பி வெளிய தெரியுது, அதோட சேத்து டேப் சுத்தியிருந்த பிரேக் சுவிட்ச் வயர், பிக்கப் காயில் வயர் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. பிரிச்செடுக்கவே முடியல. வயரிங் கிட் மொத்தமும் மாத்தணும், அதுக்கு சீட்டு, டேங்கு, ஹெட்லைட் எல்லாத்தையும் எறக்கணும். சில நூறு ரூபா இண்டிகேட்டருக்காக பல ஆயிரம் ரூபா செலவு, அந்தத் தம்பி டெலிவரி வேலைக்குப் போறவன், வண்டி இல்லாம அந்த வாரமே போச்சு அவனுக்கு.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்க. பழைய பல்பு ஒண்ணு 10 வாட், ஒரு பக்கத்துக்கு முன்ன பின்ன சேத்து 20 வாட், 12 வோல்ட்ல அது 2 ஆம்பியர்கூட கிடையாது. எல்இடி போட்டா அதுவும் கொறைஞ்சு அரை ஆம்பியருக்குள்ள வந்துடும். லோடு கொறையற வேலை பண்ணிட்டு ஃபியூஸைப் பெருசாக்குறதுக்கு என்ன காரணம் இருக்க முடியும்? ஃபியூஸ் காப்பாத்துறது பல்பை இல்ல, வயரை. செல்ஃப் மோட்டாரைச் சுத்துற பேட்டரி, ஷார்ட் ஆனா 50 ஆம்பியருக்கு மேல சாதாரணமா தள்ளும், ஃபியூஸ் உருகலன்னா அந்த மெல்லிசு வயர்தான் உருகும். நெறைய கம்யூட்டர் வண்டில பிரேக் லைட், ஹார்ன், இண்டிகேட்டர் மூணுக்கும் ஒரே ஃபியூஸ்தான், ஓடிக்கிட்டு இருக்கும்போது அது போச்சுன்னா பிரேக் லைட் எரியலங்கறது ஓட்றவனுக்குத் தெரியாது, பின்னாடி லாரில வர்றவனுக்கும் நீங்க பிரேக் போட்டது தெரியாது.

ஃபியூஸ் போச்சுன்னா புதுசு போடாதீங்க. அந்த எடத்துல ஒரு 21 வாட் பல்பை ரெண்டு வயர் வெச்சு சொருகி, லைட் ஹார்ன் எல்லாம் ஆஃப்ல வெச்சு சாவி போடுங்க. பல்பு முழு வெளிச்சத்துல எரிஞ்சா ஷார்ட் இருக்கு. நீங்க கை வெச்ச ஜாயிண்டை ஒவ்வொண்ணா கழட்டிக்கிட்டே வாங்க, எதைக் கழட்டுனா பல்பு மங்குதோ அதுதான் ஆளு. பல்பு 2 ஆம்பியருக்கு மேல விடாது, வயருக்கு ஒண்ணும் ஆகாது. சரி பண்ணப்புறம் கம்பெனி போட்ட அதே ஆம்பியர் ஃபியூஸ், அவ்ளோதான்.

நாலும் சேந்து மின்னுனா எல்இடி மட்டம்னு திருப்பிக் குடுக்கறது

மீட்டர்ல ரெண்டு பக்கத்துக்கும் சேத்து ஒரே ஒரு இண்டிகேட்டர் லைட் இருக்கிற வண்டில இது வரும். அந்தச் சின்ன பல்போட ஒரு முனை இடது வயர்ல, இன்னொரு முனை வலது வயர்ல இருக்கும். இடது போட்டா கரண்ட் அந்தப் பல்பு வழியா வலது பக்கம் போய் எர்த்தாகும், பழைய பல்புக்கு அந்தத் துளி கரண்ட் பத்தாது, எல்இடிக்கு அதுவே தாராளம், அதான் நாலும் மின்னுது. பொருள்மேல தப்பு இல்ல. கரண்டை ஒரு பக்கமா மட்டும் விடுற 1என்4007 டயோடு ரெண்டு, இடது வயருக்கு ஒண்ணு வலது வயருக்கு ஒண்ணு, வெள்ளிக் கோடு போட்ட முனை ரெண்டையும் ஒண்ணாச் சேத்து மீட்டர் பல்போட ஒரு முனைக்குக் குடுங்க, இன்னொரு முனைய எர்த்துல போடுங்க. டயோடு விலை சில ரூபாதான்.

வேகமா மின்னுதுன்னு ரெசிஸ்டர் போடறது

இண்டிகேட்டரை மின்ன வைக்கிற டப்பாதான் ஃப்ளாஷர். லோடு பாத்து மின்னுற பழைய ஃப்ளாஷருக்கு எல்இடியோட லோடு பத்தாது, அதான் படபடன்னு அடிக்குது, சிலதுல மின்னவே மின்னாது. நிமிஷத்துக்கு 60ல இருந்து 120 வாட்டி மின்னணும்ங்கறது விதி. எல்இடி ஃப்ளாஷர் வாங்கி மாட்டுங்க. மூணு பின் இருந்தா பி-ல பேட்டரி லைன், எல்-ல சுவிட்சுக்குப் போற லைன், ஈ-ல எர்த்து. அதை விட்டுட்டு லோடைக் கூட்டறதுக்குன்னு போடற ரெசிஸ்டர் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும், அதை முன்னாடி இருக்கிற பிளாஸ்டிக் கவுலுக்குள்ள டபுள் டேப்ல ஒட்டி வெச்சவங்க இருக்காங்க.

கப்ளரை வெட்டி, முறுக்கி, கருப்பு டேப் சுத்தறது

வேண்டாம். கப்ளர்னா வயர் முனைங்களச் சேக்குற பிளாஸ்டிக் சொருகி, அதுக்குப் பொருத்தமான பின் வாங்கி மாட்டுங்க, இல்லன்னா சால்டர் பண்ணி, சூடு காட்டுனா சுருங்கிப் பிடிக்கிற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்க. வாரண்டில இருக்கிற வண்டின்னா கப்ளர்ல கத்தியே வைக்காதீங்க.

வெள்ளை, நீலக் கலர் இண்டிகேட்டர் போடறது

முன்னாடி இண்டிகேட்டர்னா ஆம்பர், அதாவது ஆரஞ்சு மஞ்சள் கலர் மட்டும்தான்.

ஹேண்டிலை நேரா வெச்சு வயரைக் கட்டறது

முன் இண்டிகேட்டர் வயர் ஹேண்டிலோட சேந்து திரும்புற வயர். நேரா வெச்சு டைட்டா கேபிள் டை போட்டா மேல்தோல் நல்லாத்தான் இருக்கும், உள்ள கம்பி ஒவ்வொண்ணா அறுந்து ஒரு நாள் இடது பக்கம் திருப்பும்போது மட்டும் லைட் போகும், அதைத் தேடறதுதான் பெரிய பாடு. டை இறுக்கறதுக்கு முன்னாடி ஹேண்டிலை ரெண்டு பக்கமும் லாக் வரைக்கும் திருப்பி, எங்கயாவது இழுக்குதா, ஃபோர்க்குக்கும் ஃப்ரேமுக்கும் நடுவுல மாட்டுதான்னு பாத்துட்டு, அப்புறம் டையை இறுக்கி மிச்ச வாலை வெட்டுங்க.