தண்ணீர் ஊறிய ஜிப்சம் சீலிங்கை நாமே ஒட்டுப்போடுவது எப்படி?

சீலிங்கில் பழுப்பு வளையம் தெரிந்ததும் பெயிண்ட் டப்பாவைத் தேடாதீர்கள். மேலே கசிவு நின்றால்தான் கீழே செய்யும் வேலை நிலைக்கும்.

அறையின் மின்சாரத்தை மெயினில் அணையுங்கள். கறைமேல் விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் வெட்டவே வேண்டாம்; நன்றாகக் காயவிட்டு, கறை தடுக்கும் ப்ரைமர், பெயிண்ட் அடித்தால் போதும். அமுங்கினாலோ, போர்டின் மேல்காகிதம் உப்பியிருந்தாலோ அந்தப் பகுதியை எடுத்துவிட வேண்டியதுதான். தொப்பை போட்டுத் தொங்கினால், வாளி வைத்து, ஒதுங்கி நின்று ஸ்க்ரூடிரைவரால் குத்தித் தண்ணீரை வடித்துவிடுங்கள். பழைய கட்டடங்களில் சீலிங் பூச்சில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அங்கே பரிசோதிக்காமல் வெட்டவோ தேய்க்கவோ கூடாது.

கறையின் ஓரத்தோடு நிறுத்தாமல், காய்ந்த, கெட்டியான போர்டு வரும்வரை செவ்வகமாக வெட்டுங்கள். கைரம்பமே நல்லது. மேலே வயர் எங்கே ஓடுகிறது என்று தெரியாத இடத்தில் மின்ரம்பம் எதற்கு? திறந்த பிறகு உள்ளே முழுதாகக் காயட்டும். ஈரத்தை மூடிவைத்தால் ஓரிரு நாளிலேயே பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடும்.

ஓட்டையைவிட நீளமான இரண்டு ரீப்பர் கட்டைகளை உள்ளே நுழைத்து, பழைய போர்டு வழியாகக் கீழிருந்து ஸ்க்ரூ போடுங்கள். அதே கனத்தில் புதுத் துண்டை வெட்டி (12.5 மி.மீ. போர்டுதான் பரவலாக இருக்கும்), சுற்றிலும் 2, 3 மி.மீ. இடைவெளி விட்டு அந்தக் கட்டைகளில் முடுக்குங்கள். ஸ்க்ரூ தலை காகிதத்துக்குச் சற்று உள்ளே இறங்க வேண்டும், காகிதம் கிழியக் கூடாது. கிழிந்தால் அந்த ஸ்க்ரூ பிடிக்காது. பக்கத்தில் இன்னொன்று போடுங்கள்.

பலருக்கும் சொதப்புவது டேப் ஒட்டும் இடத்தில்தான். டேப் இல்லாமல் இடைவெளியில் ஜாயிண்ட் காம்பவுண்டை (போர்டு இணைப்புகளை நிரப்பும் பட்டி) மட்டும் அப்பினால் அதே கோட்டில் விரிசல் விடும். என் ஓட்டு பேப்பர் டேப்புக்கே. வலை டேப் ஒட்ட எளிது, ஆனால் அதற்குத் தண்ணீரில் கலந்து இறுகும் வகைக் காம்பவுண்ட் வேண்டும். முதலில் ஜாயிண்ட் காம்பவுண்டை இடைவெளிக்குள் அழுத்தி நிரப்பி, மேலே மெல்லியதாக ஒரு பூச்சு போடுங்கள். ஈரம் போகுமுன் டேப்பை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குப் பட்டித்தகட்டால் இழுங்கள். இருபுறமும் சிறிது காம்பவுண்ட் பிதுங்க வேண்டும். பிதுங்காத இடத்தில் அடியில் ஒன்றுமில்லை என்று அர்த்தம். காய்ந்ததும் அங்கே கொப்புளம் எழும். உடனே தூக்கி, அடியில் இன்னும் கொஞ்சம் தடவி மறுபடி அழுத்துங்கள். ரொம்ப அழுத்தி வழித்தாலும் அதே கதிதான்.

அப்புறம் இன்னும் இரண்டு மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றும் முந்தையதைவிட அகலமாக, கடைசிப் பூச்சுக்கு 10 அங்குலத் தகட்டோடு. சாதாரணக் காம்பவுண்ட் என்றால் ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு மாஸ்க் போட்டு, 150 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் மேடு பள்ளம் பளிச்சென்று தெரியும்.

பின்சேர்க்கை: பெயிண்ட் அடித்தும் மஞ்சள் கறை மேலே வருகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். கசிவு நின்றிருந்தும் அப்படி வந்தால், சாதாரண எமல்ஷன் ஈரத்தில் கறை கரைந்து மேலேறுகிறது. இரண்டு கோட் அல்ல, ஐந்து கோட் அடித்தாலும் தெரியும். ஷெல்லாக் (அரக்கு) அல்லது எண்ணெய் அடிப்படையிலான, கறை தடுக்கும் ப்ரைமர் அடித்துக் காய்ந்த பிறகு பெயிண்ட் அடியுங்கள். ஒட்டுப்போட்ட இடத்துக்கு மட்டும் அடிக்காமல் சீலிங் முழுக்க அடித்தால்தான் நிறம் ஒத்துப்போகும்.