வார்டுக்கு ஒரு கதவு வையுங்கள்: தொற்றுக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவமனைக்குள் தொற்று பரவுவதைக் கணக்கிட உட்காரும் பலரும் முதலில் எடுப்பது, 1927-இல் கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இரு ஆய்வாளர்கள் நோய்ப் பரவலைக் கணக்கிட எழுதிய சமன்பாடுகளைத்தான். ஊர், மாவட்டம் என்றால் சரி. 12 படுக்கை ஐசியுவுக்கு அதையே போட்டால், ‘இன்று தொற்றுள்ளவர்கள் 0.4 பேர்’ என்று விடை வரும். வார்டில் இருப்பது ஒருவர், இல்லையென்றால் யாருமே இல்லை.

இது வெறும் தசமப் பிரச்சினை இல்லை. ஆர் எண் 1.5 என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஒருவரிடமிருந்து சராசரியாக ஒன்றரைப் பேருக்குத் தொற்றுகிறது. தற்செயலையும் கணக்கில் எடுக்கும் எளிய மாதிரியில், கிருமியோடு ஒருவர் வந்து சேரும் மூன்று தடவையில் இரண்டு தடவை அந்தச் சங்கிலி தானாகவே அறுந்துவிடும். இதை மறந்தால் என்ன ஆகும்? ஒரு மாதம் நான்கு பேருக்குத் தொற்று. பதறிப்போய்ப் புதுக் கிருமிநாசினி வாங்குகிறார்கள். அடுத்த மாதம் ஒருவருக்கும் இல்லை. கிருமிநாசினி வேலை செய்தது என்று அறிக்கை போகிறது. எதுவுமே செய்யாவிட்டாலும் அப்படி ஆகியிருக்கலாம். அதனால் ஒரே வார்டைக் கணினியில் ஆயிரம் தடவை ஓட்டிப் பாருங்கள். விடைகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

அப்புறம், நோயாளியிலிருந்து நோயாளிக்கு நேராக அம்புக்குறி போடுவது. ஐசியுவில் படுத்திருப்பவர் எழுந்துபோய்ப் பக்கத்துக் கட்டிலைத் தொடுவதில்லை. மூன்றாம் கட்டிலில் சிறுநீர்ப் பையைக் காலி செய்த கை, ஏழாம் கட்டிலில் ட்ரிப்ஸ் ஊசியைச் சரிசெய்கிறது. மலேரியாவைக் கொசு பரப்புவதை வைத்து மருத்துவர் ரொனால்ட் ராஸ் போட்ட கணக்கு இங்கே பொருந்துகிறது. கொசு இருந்த இடத்தில் கை. இதற்காக நர்ஸைக் குறை சொல்லக் கூடாது. ஒரு நர்ஸுக்கு எத்தனை கட்டில் என்பதையும் கணக்கில் சேருங்கள். அதை விட்டுவிட்டால், ஆள் பற்றாக்குறை கை கழுவாத குற்றமாகத் தெரியும்.

காய்ச்சல் வந்தவரை மட்டும் எண்ணுவதும் தவறு. உடம்பில் கிருமி இருந்தும் நோய் இல்லாதவர்களிடமிருந்தும் அது பரவும்.

வாசலை, அதாவது வெளியிலிருந்து வந்து சேருபவர்களை, மறப்பது இன்னொன்று. சிகாகோவில் ஒரு ஐசியுவில், வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத என்டரோகாக்கஸ் கிருமியைப் பற்றிய ஆய்வு 1999-இல் வெளியானது. தடுப்பு இல்லாவிட்டால் 3.81 ஆக இருக்கும் ஆர் எண், கை கழுவுவது போன்ற நடவடிக்கைகளால் 0.69-க்கு இறங்கியிருந்தது. ஒன்றுக்குக் கீழே போனால் ஒழிந்துவிடும் என்றுதானே படித்தோம்? ஒழியவில்லை. கிருமியோடு புது நோயாளிகள் சேர்ந்துகொண்டே இருந்தார்கள்.

கடைசியாக, சராசரியை நம்புவது. 2015-இல் தென்கொரியாவில் மெர்ஸ் என்ற சுவாச நோய் 186 பேரைத் தாக்கியது. அதில் 82 பேருக்கு, சியோலின் ஒரு பெரிய மருத்துவமனையில் நெரிசலான அவசரப் பிரிவில் சில நாள் இருந்த ஒரே நோயாளியிடமிருந்து வந்தது. தொற்றிய மற்றவர்களில் பெரும்பாலானோரிடமிருந்து யாருக்கும் பரவவில்லை.