உலை வைக்கும்முன் ஒரு கைப்பிடி: அன்றாட வாழ்வுக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்ல ஒரு வழி

"ஆண்டவரே, எல்லாவற்றுக்காகவும் ஸ்தோத்திரம்" என்று இரவு ஜெபத்தில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் படுப்பதுதான் பல வருஷம் என் வழக்கமாக இருந்தது. அதில் தப்பில்லை. ஆனால் அந்த 'எல்லாம்' எதெது என்று யாராவது கேட்டிருந்தால் மூன்று விஷயம்கூட எனக்கு உடனே வாயில் வந்திருக்காது. அம்மா பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்த அன்று, திண்ணையில் உட்கார்ந்து தானே டம்ளரைப் பிடித்து அரை டம்ளர் கஞ்சி குடித்தாள். நான் வாசல்படியில் நின்று அழுதுவிட்டேன். அதே கஞ்சியை அதே திண்ணையில் அவள் ஆயிரம் தடவை குடித்திருப்பாள், ஒரு தடவைகூட அதற்காக நான் நன்றி சொன்னதில்லை. அப்புறம்தான் ஆச்சி செய்துவந்த கைப்பிடி அரிசி ஞாபகம் வந்தது, அதைத் திரும்ப ஆரம்பித்தேன். எப்படிச் செய்வது என்று நிறையப் பேர் கேட்பதால் எழுதுகிறேன்.

விஷயம் ரொம்ப எளிது. சமைக்க அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போட வேண்டும், போடும்போது ஒரே ஒரு விஷயத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். இதில் முக்கியமானது, நம் சோற்றுக்கு என்று அளந்த அரிசியிலிருந்தே எடுப்பது. மூட்டையிலிருந்து கூடுதலாக ஒரு பிடி அள்ளிப் போட்டால் வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அளந்ததிலிருந்து எடுத்தால் எல்லார் தட்டிலும் ஒரு கவளம் குறைகிறது, இந்தச் சோறு நாமாக உண்டாக்கியது இல்லை, நமக்குக் கொடுக்கப்பட்டது என்று அந்தக் கவளம் சொல்லிக்கொடுக்கிறது. ஆச்சி இதில் ரொம்பக் கறார். விருந்தாள் வந்த நாளிலும் அளந்த பிறகு எடுப்பாளே தவிர, எடுத்ததை ஈடுகட்ட மறுபடி அள்ளமாட்டாள்.

இது எங்கள் வீட்டு வழக்கம் மட்டும் இல்லை. மிசோரம் மாநிலத்துக் கிறிஸ்தவ சபைகளில் பெண்கள் ஒவ்வொரு வேளை சமைக்கும்போதும் இப்படி ஒரு பிடி எடுத்து வைப்பதை 1910-இல் தொடங்கினார்கள், இன்றும் விடவில்லை. அந்த அரிசியைச் சேர்த்து விற்ற பணம் இப்போது வருஷத்துக்குக் கோடிக்கணக்கில் சபையின் ஊழியத்துக்குப் போகிறது. இந்து வீடுகளிலும் பிடியரிசி உண்டு, காஞ்சி மகா பெரியவர் அதை வலியுறுத்திச் சொன்னவர். ஆகவே நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் இதைச் செய்யலாம். நான் எனக்குத் தெரிந்த ஜெப வார்த்தைகளில் சொல்கிறேன், நீங்கள் உங்கள் வார்த்தைகளில் சொல்லிக்கொள்ளுங்கள்.

என்ன சொல்வது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நேற்று இந்நேரத்திலிருந்து இன்று இந்நேரம்வரை நடந்த ஒன்றை மட்டும் எடுங்கள், அதையும் பேர் சொல்லி, இடம் சொல்லிச் சொல்லுங்கள். 'சுகத்துக்காக ஸ்தோத்திரம்' என்பதைவிட 'இன்றைக்கு மாடிப்படி ஏறும்போது முழங்கால் வலிக்கவில்லை, ஸ்தோத்திரம்' என்பது மேல். விடியற்காலையில் குழாயில் தண்ணீர் வந்தது, ஓடி வருவதைப் பார்த்து டிரைவர் பஸ்ஸை நிறுத்தினார், சண்டை போட்ட தங்கச்சி தானாகவே போன் செய்தாள், முருங்கை பூ விட்டிருக்கிறது. இப்படிப்பட்டவை போதும். ஒரு வாரத்துக்குள் ஒரே விஷயத்தை இரண்டாம் தடவை சொல்லக்கூடாது என்று நான் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். மூன்றாம் நாளே சரக்கு தீர்ந்துவிட்டது போல இருந்தது, அதன் பிறகுதான் கண் தேட ஆரம்பித்தது. மத்தியானம் ஏதாவது நல்லது நடந்தால் 'சரி, இது நாளைக்குப் பானைக்கு' என்று மனசு எடுத்து வைத்துக்கொள்கிறது. இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தில் ஆகாரத்தை 'இன்று' தாரும் என்று கேட்கிறோம், வருஷத்துக்கும் சேர்த்துக் கேட்பதில்லை. கேட்பது அன்றன்றைக்கு என்றால் நன்றியும் அன்றன்றைக்குத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

அடுத்த வீட்டோடு ஒப்பிட்டு மட்டும் நன்றி சொல்லாதீர்கள். 'அவர்களுக்கு இல்லாதது எனக்கு இருக்கிறது' என்பது இயேசு சொன்ன கதையில் பரிசேயன், அதாவது தன்னைப் பக்திமான் என்று நினைத்துக்கொண்ட ஒருவன், ஆலயத்தில் நின்று சொன்ன ஸ்தோத்திரம், மற்ற மனுஷரைப் போல நான் இல்லை என்று அவன் நன்றி சொன்னதை இயேசு மெச்சவில்லை. அதே மாதிரி, அரிசி போட்டேனே, மகனுக்கு வேலை கிடைக்கட்டும் என்று இதைப் பொருத்தனையாக, நேர்த்திக்கடனாக மாற்றிவிடாதீர்கள். கேட்க வேண்டியதைத் தனியாகக் கேளுங்கள், ஆண்டவர் காதுகொடுத்துக் கேட்கிறவர்தான். இந்த ஒரு பிடி நன்றிக்கு மட்டும் இருக்கட்டும்.

மனசு நொந்து கிடக்கும் நாளில் என்ன செய்வது? இதை நான் யோசித்துச் சொல்லவில்லை, பட்டுத்தான் சொல்கிறேன். அம்மா அடுத்த வருஷமே போய்விட்டாள். அடக்கம் முடிந்து வீட்டில் மறுபடி அடுப்பு எரிந்த நாளில் பானைக்கு முன்னால் நின்றேன், ஒரு வார்த்தையும் வரவில்லை. பேசாமல் அரிசியை மட்டும் போட்டேன். நாற்பது நாள் பக்கம் அப்படியே போனது. துக்கத்துக்கு நன்றி சொல்லும்படி உங்களை நீங்களே வற்புறுத்த வேண்டாம். பைபிளில் இருக்கிற சங்கீதங்களில் எத்தனையோ, ஏன் என்னை மறந்தீர் என்று ஆண்டவரைப் பார்த்து அழுகிறவைதானே. கை தன் வேலையைச் செய்யட்டும், வாய் அதன் நேரத்துக்கு வரும். எனக்கு முதலில் வந்தது அம்மாவின் அந்த அரை டம்ளர் கஞ்சிதான்.

மாசக் கடைசியில் பானையை எடுத்துப் பாருங்கள். என் கைக்கு ஒரு பிடி 40 கிராம் வருகிறது, ஒரு வேளை சோறு வடிக்கிற வீட்டில் மாசத்துக்கு 1,200 கிராம், இரண்டு வேளை என்றால் இரண்டரைக் கிலோ பக்கம் சேரும். ஆலயத்தில் காணிக்கையாகக் கொடுக்கலாம், அறுப்பின் பண்டிகைக்கு வாழைத்தார், பூசணி, கருப்பட்டியோடு கொண்டுபோய் வைக்கலாம். தெரு முனையில் தனியாக இருக்கிற வயசானவர்களுக்கும் கொடுக்கலாம், கொடுத்ததைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள், வாங்குகிறவர் மனசு நோகும். நாம் சாப்பிடுவது பொன்னி என்றால் பானையிலும் பொன்னிதான் இருக்க வேண்டும்.

சர்க்கரைக்காகச் சோற்றைக் குறைத்த வீடா, கோதுமை மாவில் ஒரு பிடி எடுங்கள். ஹாஸ்டலில், மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்கள் ஒரு டீயின் காசை டப்பாவில் போடலாம். குழந்தைகள் இருந்தால் ஒரு வேளை அவர்களைப் போடச் சொல்லுங்கள், அவர்கள் சொல்வதைத் திருத்தாதீர்கள். என் பெண் ஒருநாள் பல்லிக்காக ஸ்தோத்திரம் சொன்னாள், கொசுவைப் பிடித்ததாம். மண்பானை தேடி அலைய வேண்டாம், பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் போதும். வண்டு வராமல் இருக்க இரண்டு காய்ந்த மிளகாய் போட்டு, அரிசி அளக்கிற படிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். அலமாரிக்குள் போனால் மறந்துபோகும்.