மார்பகப் புற்றுநோய் ஆய்வுக்காக மாதவிடாய் வரலாற்றைக் கேட்டறிதல்

பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் உடலில் எத்தனை ஆண்டுகள் செயல்பட்டது என்பது முக்கியமாதலால், பூப்படைந்த வயது, முதல் பிரசவ வயது, தாய்ப்பால் கொடுத்த மாதங்கள், மாதவிடாய் நின்ற வயது ஆகியவற்றைத் தவறாமல் குறித்துக்கொள்ள வேண்டும். குடியாத்தம் பக்கத்துப் பாட்டியிடம் ஆண்டைக் கேட்டால் பெரும்பாலும் விடை வராது. பள்ளியை விட்டு ஆண்டுக்கொருமுறை வரும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா எத்தனை கழித்து மஞ்சள் நீராட்டு நடந்தது என்று கேட்டால் அவரே விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடுவார்.

கருப்பை அகற்றப்பட்டவரிடம் சினைப்பைகளும் எடுக்கப்பட்டனவா என்பதை, வாய்மொழியை நம்பாமல், மருத்துவமனைச் சீட்டைப் பார்த்தே எழுத வேண்டும். இளம் வயதில் சினைப்பைகள் எஞ்சியிருந்தால், மாதவிடாய் நின்றாலும் ஹார்மோன் சுரப்பது தொடரும்.

மாத்திரைகளையும் வகை பிரித்தே பதிய வேண்டும். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்னும் மற்றொரு ஹார்மோன் மருந்தும் சேர்ந்த கூட்டுக் கருத்தடை மாத்திரை சினைப்பைப் புற்றுநோய் அபாயத்தைக் குறைக்கிறது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜனுடன் புரோஜெஸ்டினைச் சேர்த்து உட்கொள்வதோ மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுகிறது என்பதால், 2002இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வில் இச்சேர்க்கையைச் சோதித்த பிரிவு இடையிலேயே நிறுத்தப்பட்டது.