'பேர்' கேட்டால் செக்ரோல் வர வேண்டும்: ஏஐ ஏஜென்டுக்குக் கருவி தேடித் தருவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் செக்ரோல் (தொழிலாளரின் வேலை நாள் பதிவேடு), கொழுந்து நிறை, முற்பணம், சேமலாப நிதி எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில் வைத்து, அதைக் கேள்விக்கேற்பத் தானே இயக்கிப் பதில் தரும் ஓர் ஏஐ ஏஜென்டின் கையில் கொடுத்தால், அது அழைத்துப் பயன்படுத்தும் சிறு செயற்பாடுகள், அதாவது கருவிகள், சீக்கிரமே 60, 70 சேர்ந்துவிடும். அத்தனை விளக்கத்தையும் ஒவ்வொரு கேள்விக்கும் வாசிக்கக் கொடுத்தால் செலவு கூடும், ஒன்றுபோல் இருக்கும் கருவிகளுக்கிடையே ஏஜென்ட் தடுமாறவும் செய்யும். அதனால்தான் சொல் தேடல்: ஏஜென்ட் இரண்டு மூன்று சொற்களைக் கொடுக்கும், தேடல் பொருத்தமான சில கருவிகளை மட்டும் எடுத்துத் தரும். இந்தப் படியில் சரியான கருவி வராவிட்டால், ஏஜென்டை இயக்கும் மொழி மாடல் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தும் பயனில்லை.

பெரும்பாலானோர் கவனிக்காமல் விடும் தவறு, தேடல் தமிழை எப்படி வெட்டுகிறது என்று பார்க்காதது. எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்தின் எஃப்டிஎஸ்5 என்ற சொல் தேடல் வசதியில், வாக்கியத்தைச் சொல்லாகப் பிரிக்க இயல்பாக இருக்கும் யூனிகோட்61 என்ற வெட்டி, எழுத்து, எண், தனிப்பயன் குறியீடு ஆகியவற்றை மட்டுமே சொல்லின் பகுதியாக எடுக்கும். நமது துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் யூனிகோடில் 'குறி' வகையைச் சேர்ந்தவை. ஆகவே அவை வரும் இடமெல்லாம் சொல் உடையும். 'கொழுந்து' க, ழ, ந, த என்று நான்கு துண்டாகும். 'கிழிந்து' என்ற சொல்லும் அதே நான்கு துண்டுதான். கொழுந்து நிறையைத் தேடினால் கிழிந்த சாக்கு பற்றிய கருவி வருவது இப்படித்தான். தீர்வு எளிது: தேடல் அட்டவணையை உருவாக்கும்போது வெட்டியின் வகைப் பட்டியலில் எம்என், எம்சி என்ற குறி வகைகள் இரண்டையும் சேருங்கள். புதிய பட்டியல் பழையதை முழுதாக அழித்துவிடும் என்பதால் இயல்பாக இருந்த எல்* (எழுத்து), என்* (எண்), சீஓ (தனிப்பயன் குறியீடு) வகைகளையும் திரும்ப எழுத வேண்டும். பைத்தன் நிரலாக்க மொழியின் வழக்கமான 'ரீ' தொகுதியில் சொல்லெழுத்தைக் குறிக்கும் வடிவத்துக்கும் இதே கோளாறு உண்டு. அங்கே தனியாக நிறுவக்கூடிய 'ரீஜெக்ஸ்' தொகுதி சரியாக வெட்டும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று: 'கொ' என்பதை ஒரே குறியாகவும் பதியலாம், ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டு குறியாகவும் பதியலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. விளக்கம், கேள்வி இரண்டையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிய பிறகே தேடுங்கள்.

வேற்றுமை உருபையும் மறக்கக்கூடாது. 'சம்பளம்' என்று அட்டவணையில் இருக்க, கேள்வி 'சம்பளத்தில்' என்று வந்தால் பொருந்தாது. 'சம்பள' என்ற முன்னொட்டாகத் தேடினால் இரண்டும் கிடைக்கும். கொழுந்துக்கு 'கொழுந்த' போதும்.

அடுத்தது, அலுவலகச் சொல்லில் மட்டும் விளக்கம் எழுதுவது. 'தொழிலாளர் வருகைப் பதிவு' என்று கருவிக்கு எழுதியிருப்பார்கள். கேட்பவரோ 'இந்த மாசம் எனக்கு எத்தனை பேர் விழுந்திருக்கு?' என்பார். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை, அரைப்பேர் என்றால் அரை நாள். வெளியில் அதே சொல் பெயரையும் ஆளையும் குறிக்கும். ஆகவே 'பேர்' என்று மட்டும் சேர்த்தால் ஆள் விவரக் கருவியோடு மோதும். 'பேர், அரைப்பேர், செக்ரோல், வேலை நாள்' என்று சேர்த்து எழுதுங்கள். முற்பணத்துக்கு 'அட்வான்ஸ்', ஒப்பந்த வேலைக்கு 'கொந்தரப்பு' இப்படியே. ஆனால் ஒரு கருவிக்கு ஐந்தாறு மாற்றுச் சொல் போதும். தேடல் முடிவுகளுக்கு மதிப்பிட்டு வரிசைப்படுத்தும் பிஎம்25 என்ற கணக்கு, நீளமான விளக்கத்தின் மதிப்பைக் குறைக்கும். அரிதான சொல்லுக்கே அதிக எடை கொடுக்கும். கரென் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இல் முன்வைத்த கருத்து அது. எல்லாக் கருவியிலும் 'சம்பளம்' இருந்தால் அந்தச் சொல் எதையும் பிரித்துக் காட்டாது.

நல்லெண்ணத்தில் செய்யும் தவறு ஒன்று உண்டு. சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8, தொழில் தருநர் 12 சதவீதம். நம்பிக்கை நிதிக்குத் தொழில் தருநர் மட்டும் 3 சதவீதம். இரண்டும் குழம்பக்கூடாதென்று முதல் கருவியின் விளக்கத்தில் 'நம்பிக்கை நிதிக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள்' என்று எழுதிவிடுகிறார்கள். சொல் தேடலுக்கு 'ஆதீர்கள்' புரியாது. நம்பிக்கை நிதியைத் தேடும்போதெல்லாம் இந்தக் கருவியும் சேர்ந்து வந்து நிற்கும். இப்படியான எச்சரிக்கை தேடலுக்கு உட்படாத தனிப் புலத்தில் இருக்கட்டும். ஏஜென்ட் கருவியைத் திறந்த பிறகு வாசிக்கும்.

கேள்வி முழுவதையும் அப்படியே தேடலில் போடவும் விடாதீர்கள். எஃப்டிஎஸ்5 இயல்பாக எல்லாச் சொல்லும் இருக்க வேண்டுமென்று கேட்கும். ஆறு சொல்லில் ஒன்று இல்லையென்றாலும் வெறுங்கைதான். சொற்களுக்கிடையே 'அல்லது' என்று பொருள்படும் ஓஆர் (OR) இணைப்பைப் போடுங்கள். பிஎம்25 மதிப்பு அங்கே குறையக் குறையத்தான் பொருத்தம் கூடுகிறது, வரிசையைத் தலைகீழாக வைத்துவிட வேண்டாம். கருவியின் பெயரை அடிக்கோட்டால் இணைத்திருந்தால், சில வெட்டிகள் அதை ஒரே சொல்லாக எடுக்கும். அட்டவணையில் இடைவெளி விட்டும் ஒரு முறை எழுதுங்கள்.

முதல் ஒன்றை மட்டும் திருப்பித் தருவது ஆபத்து. மூன்று முதல் ஐந்து வரை கொடுங்கள், தேர்வை ஏஜென்ட் செய்யட்டும். ஒன்றும் கிடைக்காதபோது வெறுமையை அனுப்பாமல் 'வேறு சொல்லில் தேடு' என்ற குறிப்போடு கருவிப் பிரிவுகளின் பெயர்களை அனுப்புங்கள்.

இத்தனையும் சரியா என்று பார்க்க, ஆட்கள் கேட்கும் வாக்கியங்களை அவர்கள் சொன்னபடியே ஒரு 50 எழுதி, ஒவ்வொன்றுக்கும் உரிய கருவியைக் குறித்து வைத்து, முதல் மூன்றுக்குள் அது வருகிறதா என்று ஓட்டுங்கள். ரோமன் எழுத்தில் தட்டிய தமிழும் அதில் கட்டாயம் இருக்கட்டும். புதுக் கருவி ஒன்றைச் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் அதே 50ஐ மறுபடி ஓட்டுங்கள். புதியது வந்து பழையதைப் பின்னுக்குத் தள்ளியிருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்.