முழுசா கேட்டுட்டு அப்புறம் ஜெபம் பண்ணலாம்

2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல் அடிச்சதுல பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னந்தோப்பெல்லாம் எப்படி கெடந்துச்சுன்னு பாத்தவங்களுக்குத் தெரியும். சபையிலேந்து அரிசி பருப்பு பாய் எல்லாம் வண்டியில ஏத்திக்கிட்டு நாங்க அஞ்சு பேரு போனோம். ஒரு பெரியவரு, அவரு தோப்புல சாய்ஞ்சு கெடந்த மரத்து மேலயே உக்காந்திருந்தாரு. "வடக்கு வரப்பு ஓரமா இருந்துச்சு பாருங்க தம்பி, அதெல்லாம் கொடத்துல தண்ணி சுமந்து ஊத்துன பிள்ளைங்க"ன்னு ஆரம்பிச்சாரு. நான் அவரு தோள்ல கைய வச்சு, "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார் அய்யா"ன்னு சொல்லி ஜெபம் பண்ணிட்டேன். ஆமென் சொன்னாரு. அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசல.

நாம அடிக்கடி பண்ற பெரிய தப்பு இதுதான்னு நெனைக்கிறேன், ஒருத்தர் வாயத் தொறந்த உடனே வசனத்த வச்சு மூடிடுறது. அந்த வசனத்த சொன்னது யாருன்னு பாருங்க, பிள்ளைங்களையும் சொத்தையும் பறிகொடுத்த யோபு, தன்னோட இழப்பப் பத்தி தானே சொன்னது, பக்கத்துல நின்னு பாத்தவங்க சொன்னதில்ல. அவரு சிநேகிதருங்க மொதல்ல ஏழு நாள் ராவும் பகலும் ஒண்ணும் பேசாம தரையில கூட உக்காந்திருந்தாங்க, அது வரைக்கும் நல்லாத்தான் இருந்தாங்க, வாயத் தொறந்தப்பதான் எல்லாம் கெட்டுச்சு, கடைசியில யோபுவே அவங்கள "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்"னு, அதாவது ஆறுதல் சொல்ல வந்து வேதனையக் கூட்டுறவங்கன்னு சொல்ற அளவுக்குப் போச்சு.

இன்னொண்ணு, அவங்களுக்கு என்ன தேவைன்னு நாமளே முடிவு பண்ணிட்டுப் போறது. எரிகோவுல பர்திமேயு கூப்பிட்டப்ப அவனுக்குக் கண்ணு தெரியாதுன்னு பாத்தாலே தெரியும், ஆனாலும் இயேசு "நான் உனக்கு என்ன செய்யவேண்டும்"னு கேட்டு அவன் வாயால சொல்ல வச்சாரு. நாங்க அதக் கேக்கவே இல்ல. அரிசி அவரு வீட்டுல இருந்துச்சாம், வேண்டியது மரம் அறுக்குற மெஷினும் ஆளும்தான். விழுந்த மரத்த அப்புறப்படுத்தாம ஒரு புதுக் கன்னு கூட வைக்க முடியாதுல்ல. ரெண்டு வாரம் கழிச்சு அவரு பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் இது தெரிஞ்சுச்சு.

"எனக்கும் இப்படித்தாங்க"ன்னு நடுவுல பூந்து நம்ம கதைய ஆரம்பிக்கிறதும், பேசிட்டிருக்கும்போதே செல்லப் பாக்குறதும் எல்லாருக்கும் தெரிஞ்ச தப்புதான், அத விரிச்சுச் சொல்ல வேண்டியதில்ல.

ஆனா இத சொல்லியே ஆகணும், ஜெபக்குறிப்புங்கிற பேர்ல ஒருத்தர் ரகசியத்த வெளிய விடுறது. ஒரு அக்கா ஆராதனை முடிஞ்சு செருப்பு விடுற எடத்துல நின்னு வீட்டுக்காரரு குடிக்கிறத அழுதுக்கிட்டே சொல்றாங்க, சாயங்காலத்துக்குள்ள வாட்ஸ்அப் குரூப்புல "நம் சகோதரியின் குடும்ப சமாதானத்துக்காக ஜெபிக்கவும்"னு வந்துடுது, பேரு போடலன்னாலும் யாருன்னு ஊருக்கே தெரியும், அந்த அக்கா இனிமே யார்கிட்டயும் மனசு விட்டுப் பேசுவாங்களா? அவங்ககிட்ட கேக்காம யார்கிட்டயும் சொல்லாதீங்க, போதகர்கிட்ட கூட.

யாக்கோபு நிருபத்துல "கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும்"னு இருக்கு, நாம அப்படியே தலகீழா இருக்கோம், அதுவும் சுவிசேஷம் சொல்லணும்னு ஆசையா இருக்குற நம்மளப் போல ஆளுங்கதான் அதிகம். நம்ம தரங்கம்பாடிக்கு 1706-ல வந்து எறங்குன ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கும் பேசத்தான் வந்தாரு, ஆனா மொதல்ல சின்னப் பிள்ளைங்களோட சேந்து உக்காந்து மணல்ல விரலால எழுதி தமிழ் கத்துக்கிட்டாரு. அப்புறம் இங்க இருக்குற சனங்க என்ன நம்புறாங்க, எப்படி வாழுறாங்கன்னு அவங்களுக்கே கேள்வி எழுதி அனுப்பி, அவங்க எழுதுன பதில வாங்கிப் படிச்சாங்க அந்த மிஷனுல. 1715-ல புதிய ஏற்பாடு தமிழ்ல அச்சாகி வந்துச்சுன்னா அதுக்கு முன்னாடி காதக் குடுத்து உக்காந்திருந்த வருஷங்க இருக்கு.

வீட்டுலயும் இதேதான், சபையில எல்லாருக்கும் காது குடுத்துட்டு வந்து, அம்மா ரேஷன் கடையில நடந்தத சொல்ல ஆரம்பிச்சா "அப்புறம் சொல்லுங்கம்மா"ங்குறோம். அந்த அப்புறம் வர்றதே இல்ல.

தோப்புக்காரர் விஷயம் தெரிஞ்சதும் மெஷின் வச்சிருக்குற ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு திரும்பப் போனோம். மத்தியானம் வரைக்கும் அறுத்தாங்க, நான் அவரு பக்கத்துல சும்மா உக்காந்திருந்தேன், ஒவ்வொரு மரமா எப்ப வச்சது, எப்ப காய்ச்சதுன்னு சொல்லிக்கிட்டே வந்தாரு. கெளம்புறப்ப "எதுக்காக ஜெபம் பண்ணணும் அய்யா"ன்னு கேட்டேன். தோப்பப் பத்தி சொல்லுவாருன்னு நெனச்சேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாரு. "திருப்பூர்ல மகன் இருக்கான் தம்பி, புயலுக்கு அப்புறமும் ஒரு போன் பண்ணல. அவனுக்காக பண்ணுங்க"ன்னாரு.